கொறற்றியின் சாட்சியம்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
1999 நவம்பர்.

அன்பு மகன் பேர்னாட்டுக்கு,

மாதாவின் அடைக்கலத்தில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்தக் கனடாக் குளிருக்குள்ளும் பெரிதாக ஒரு வருத்தமும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நாங்கள் இங்கே இருக்கிறோம். மழை விட்டபாடில்லை, ஒழுங்கைக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், காயப்போட்ட உடுப்பு காய்வதற்குள் நாறிப்போகிறது. அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. எனக்கு வந்த கோபம்தான் இன்னும் வற்றவில்லை, அதற்குக் காரணம் நீ. நீ டைப் அடித்து அனுப்பிய கடிதம் கிடைத்தது, அப்பா ஒருமுறை வாசித்தார், நான் மூன்றுமுறை வாசித்தேன், ஒவ்வொரு முறையும் இது நான் பெற்ற பிள்ளை எழுதியதுதானா என்று கீழே கையெழுத்தைப் பார்த்துக்கொண்டேன். ஸ்காபரோவில் நீ நடத்துகிற இளைஞர் முகாமில் வாசிப்பதற்குக் கொறற்றி ஒரு பக்கம் சாட்சியம் எழுதித் தரவேண்டுமாம். புனிதமான மாதா சுரூபத்தை மதிக்கத் தெரியாமல் றோட்டில் போட்டு உடைத்த ஒரு பிள்ளை, கிளெமென்ற் அண்ணா என்ற நல்ல வழிகாட்டியின் கையைப் பிடித்து எப்படித் திரும்பவும் விசுவாசத்துக்கு வந்தாள் என்று எழுதவேண்டுமாம். விழுதல், உணர்தல், எழும்புதல் என்று தலைப்புக்கூட நீயே போட்டு அனுப்பியிருக்கிறாய். அடேயப்பா, உன் தங்கச்சியின் கதையை உனக்கு முன்னமே தெரிந்திருக்கிறது, அவள் கோடிட்ட இடத்தை நிரப்பினால் மட்டும் போதும்.

இவ்வளவு நாளும் இதைப்பற்றி உனக்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் ஒருத்தியின் உயிருக்கு ஆபத்து என்று கொறற்றி என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள், கடிதங்களை உடைத்துப் பார்க்கிற காலம் இது. இப்போது அந்தப் பயம் இல்லை. என்றாலும் தபாலில் போடவில்லை, ஓட்டோக்கார ராசிக்கின் மச்சான் துபாய்க்குப் போகிறான், அங்கேயிருந்து போட்டுவிடுவான். பிந்தி வந்து சேரும், பரவாயில்லை, உன் முகாமுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளையைப்பற்றிக் கிளெமென்ற் சொன்னதைக் கேட்டாய், இனிப் பெற்றவள் சொல்வதையும் கேள்.

உன் கூட்டாளியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் இரண்டு பேரும் பீடத்தில் மணி அடித்துத் திரிந்த காலத்துக் கிளெமென்ற் இல்லை இது. மணிலாவில் இளைஞர் வழிகாட்டிப் பயிற்சி என்று சில மாதம் போய்வந்தார், போகும்போது ஒரு வாயோடு போனவர் வரும்போது இரண்டு வாயோடு வந்தார். கழுத்தில் விசில், தோளில் கிற்றார், நெஞ்சில் தன்னுடைய பெயரே அச்சடித்த ரீசேட். செபம் தொடங்கமுன் பிள்ளைகளைத் தவளைபோலக் குந்திப் பாயச் சொல்கிறார், அது உற்சாகமூட்டுகிற விளையாட்டாம். அடுத்த ஒழுங்கையில் ஆமியும் பொலிசும் வீடு புகுந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள், இவர் ஹோலுக்குள் தவளை பாய்ச்சுகிறார். சுவரில் ஒரு பலகை தொங்குகிறது, அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரேயும் தங்க நட்சத்திரம் ஒட்டுகிறார். காலைச் செபத்துக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று, அழுது பாவசங்கீர்த்தனம் செய்தால் இரண்டு. நேர்சறிப் பிள்ளைக்குக்கூட இப்போது அப்படி ஒட்டுவதில்லை. நீயும் அங்கே அதே பலகை வைத்திருப்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொறற்றியின் பெயருக்கு நேரே நட்சத்திரம் குறைவு. பின்னேரங்களில் அவள் லொட்ஜ் பக்கம் போய்விடுவாள், யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்து விசாவுக்குக் காத்திருக்கிற பெண்களுக்குச் சிங்களத்தில் ஃபோம் நிரப்பிக் கொடுக்க, பொலிஸ் நிலையத்துக்குத் துணைபோக. அதற்கெல்லாம் கிளெமென்றின் பலகையில் நட்சத்திரம் இல்லை.

ஒக்டோபரில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகிற வழக்கத்தை நீ மறந்திருக்கமாட்டாய். இன்றைக்கு ஒரு வீட்டில் செபமாலை, நாளைக்கு அடுத்த வீடு, இளசுகள் தூக்கிக்கொண்டு போய் வைப்பார்கள், வீட்டுக்காரர் கடலையும் பிளேன்ரீயும் கொடுப்பார்கள். இந்த வருசம் எந்தெந்த வீட்டுக்குப் போவது என்று கிளெமென்ற் தீர்மானித்தார். ஸ்பீக்கர் பெட்டி வைக்க இடமுள்ள வீடுகள், மாபிள் பதித்த வீடுகள். லொட்ஜ் ஒன்றுக்கும் போகாது, அங்கே போனால் இளைஞர் ஒன்றியத்துக்குக் கரைச்சல் வரும் என்று சொல்லிவிட்டார். மாதா எகிப்துக்கு ஓடினபோது மாபிள் வீட்டிலா தங்கினாள் என்று இவரிடம் கேட்க ஆளில்லை, பங்குச்சுவாமி சீனி வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில். அந்த லொட்ஜில் நேசம் என்று ஒரு பிள்ளை, மன்னார்ப்பக்கம், இருபது வயதிருக்கும், நோர்வேயில் இருக்கிற ஒருவருக்கு நிச்சயம் பண்ணி விசாவுக்குக் காத்திருந்தாள். பூசை முடிந்து வரும்போது அவள் கொறற்றியிடம், ஒரு பின்னேரமாவது மாதாவை எங்கட அறைக்குக் கொண்டுவரமாட்டீங்களோ, நான் போறதுக்கு முதல், என்று கேட்டிருக்கிறாள். இவள் உடனே ஓம் என்றுவிட்டாள். அவளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது, அது அப்பாவின் புத்தி.

அன்றைக்குச் சுரூபம் இமெல்டா வீட்டில். இமெல்டா கொறற்றியோடு படிக்கிறவள், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். நல்ல மழை. ராசிக்கின் ஓட்டோவைப் பிடித்தார்கள், மழையில் நனையாமல் மாதாவைத் தலையிலிருந்து கால்வரை கறுப்பு றெக்சீன் ஒன்றால் சுற்றினார்கள், நேசமும் எதிரே வந்து ஏறிக்கொண்டாள். இனித்தான் நம்முடைய ஆட்களின் புத்தியைப் பார். மாதா போகும்போது மாதாவுக்குப் பக்கத்தில் சரிக்குச் சரி இருக்கக்கூடாது, முதுகு காட்டவும் கூடாது என்று சின்னதிலிருந்தே நாங்கள் சொல்லி வளர்த்திருக்கிறோம் அல்லவா, அதனால் சீற் முழுவதையும் மாதாவுக்குக் கொடுத்துவிட்டு இந்த மூன்று குமருகளும் ஓட்டோவின் கீழ்த்தட்டில் முழங்காலில் குந்திக்கொண்டு, சீற்றில் நிற்கிற கறுப்புப் பொதியை ஆறு கையாலும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ராசிக் பாவம், சீட்டில ஒக்காருங்களே புள்ள, பாக்கிறவன் என்ன நெனைப்பான் என்று கெஞ்சியிருக்கிறான். கேட்டால்தானே. துறைமுகப் பக்கம் திரும்புகிற சந்தியில் ஆமிக்காரன் ரோச் அடித்துப் பார்த்தால், சீற்றில் ஒரு ஆள் குந்தியிருக்கிற உயரத்துக்குக் கறுப்புத் துணி சுற்றிய ஒரு பொருள், அதைக் கட்டிப்பிடித்தபடி கீழே மூன்று தமிழ்ப் பெட்டைகள். துவக்கை நீட்டாமல் என்ன செய்வான்?

எல்லோரையும் இறக்கி, றெக்சீனை அவிழ்க்கச் சொன்னார்கள். மாதாவைக் கண்டதும் இரண்டு பேருக்கு முகம் இளகிவிட்டதாம், நீர்கொழும்புப் பக்கத்துப் பொடியன்களாக இருக்கும், ஒருவன் கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம்கூடக் கிடந்ததாம். ஆனால் பெரியவன் ஒருவன் வந்து சுரூபத்தைத் தூக்கி ஆட்டினான், உள்ளே கலகலவென்று சத்தம். மேகே எத்துளே மொனவத, உள்ளே என்ன இருக்கிறது என்று உறுக்கினான். அடியில் இருக்கிற வெடிப்புக்குள்ளால் எங்களுடைய சனம் பதக்கமும் செபமாலை மணியும் நேர்த்திக்காகப் போட்டுப் போட்டு வந்திருக்கிறது, அதை அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது. அவன் அதோடு நிற்கவில்லை, ஐடென்ரிகாட்டும் பொலிஸ் ரிப்போட்டும் எடு என்று வரிசையில் கேட்கத் தொடங்கிவிட்டான். முதலில் ராசிக், பிறகு இமெல்டா, பிறகு கொறற்றி, கடைசியில் நேசம். கொழும்பில் தங்குவதற்கான நேசத்தின் ரிப்போட் முடிந்து ஒரு கிழமை. லொட்ஜ் முதலாளி புதுப்பித்துத் தருகிறேன் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தான். அதோடு அவளுடைய தமையன் ஒருவன் அந்தப் பக்கம், இயக்கத்துக்குப் போனவன், பெயரைத் தட்டிப் பார்த்தால் வந்துவிடும். பிடித்தால் விசாவும் இல்லை கலியாணமும் இல்லை, எந்தச் சிறைக்குள் எத்தனை வருசம் என்று யாருக்கும் தெரியாது. இது கொறற்றிக்குத் தெரியும். அவன் கொறற்றியின் ஐடென்ரிகாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேசத்தின் பக்கம் திரும்புகிற நேரத்தில் இவள் பாய்ந்துபோய், உள்ளே ஒன்றும் இல்லை, நீங்களே பாருங்கோ என்று சிங்களத்தில் கத்தி, மாதாவை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி நடுறோட்டில் போட்டாள்.

கைதவறிப் போடவில்லை பேர்னாட். தூக்கிப் போட்டாள். ராசிக் வந்துதான் இதை என்னிடம் சொன்னான். தங்கச்சி ஒடைச்ச சத்தத்தில எனக்கு உசிரே போயிட்டு ஆன்ட்டி, ஆமிக்காரனுக்கும் போயிட்டு என்றான். பதக்கமும் மணியும் மழைத்தண்ணீரில் சிதறி ஓடியிருக்கின்றன. அந்த உத்தரியம் போட்ட பொடியன் அனே அனே, ஐயோ ஐயோ என்று துவக்கை முதுகில் தள்ளிவிட்டுக் குந்தியிருந்து பொறுக்கினானாம், பெரியவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, சாமியை உடைக்கவைத்த பாவம் தன்மேல் வந்துவிடும் என்று பயந்துபோய், யன்ன யன்ன, போங்கள் போங்கள் என்று கையை வீசித் துரத்திவிட்டான். நேசத்தின் காட்டைக் கேட்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. துண்டுகளை றெக்சீனில் அள்ளிக்கொண்டு நேரே லொட்ஜுக்குப் போய், வெள்ளைத்துணி விரித்து வைத்திருந்த மேசையில் அதை வைத்து, அங்கேயிருந்த பெண்களோடு செபமாலை சொல்லி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுத அழுகை, அதை நான் உனக்கு எழுதமாட்டேன்.

அடுத்தநாள் விடிந்ததும் கிளெமென்றிடம் தானே போய் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அவரை நம்பினாள், வழிகாட்டி அல்லவா. வழிகாட்டிக்கு வந்தது பயம். அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, உனக்குக் காயம் பட்டதா என்று கேட்கவில்லை, கோவிலுக்குப் பொலிஸ் வந்தால் தன்னுடைய பெயர் என்ன ஆவது என்றுதான் கேட்டார். ஞாயிறு பூசையில் அறிவிக்கப்போகிறாராம், லொட்ஜில் நிற்கிற நேசம் என்ற பெண்ணை ஏற்றிக்கொண்டு போனதால் வந்த வினை இது, ஒன்றியத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று. எங்களுடைய கோவிலில் ஞாயிற்றுக்கிழமை யார் யார் வந்து இருக்கிறார்கள், யார் எங்கே போய்ச் சொல்கிறார்கள் என்று இந்த மனிசனுக்குத் தெரியாதா? தெரியும். கொறற்றி காலில் விழாத குறையாக மன்றாடினாள். அப்படியென்றால் ஒரே வழி, கவனயீனமாகவும் மரியாதையில்லாமலும் நான் உடைத்துவிட்டேன் என்று சனத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேள், நான் நேசத்தின் பெயரைச் சொல்லவில்லை என்றார். பதினாறு வயதுப் பிள்ளையோடு பேரம் பேசுகிற இந்தச் சீமானுக்குத்தான் நீ நல்ல வழிகாட்டி என்று பெயர் வைத்திருக்கிறாய்.

நான் போய் அவன் வாயைக் கிழிக்கிறேன் என்று எழும்பினேன், கொறற்றி வாசலை மறித்துக்கொண்டு நின்று வாக்கு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை கொடுத்து முடிந்ததும் கிளெமென்ற் மைக்கைப் பிடித்தார். பூசைக்கு வந்தவர் வெளியூர்ச் சுவாமி, அவருக்கு ஒன்றும் தெரியாது. இவள் பீடத்துக்கு முன்னால் வெறும் சீமெந்தில் முழங்காலில் நின்று, விளையாட்டுத்தனமாகக் கொண்டுபோய் உடைத்துவிட்டேன், எல்லோரும் என்னை மன்னிக்கவேண்டும் என்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை. எனக்கு முன் வாங்கில் இருந்த பிறிஜெற், சீ, இந்தக் காலத்துப் பெட்டையளுக்குத் தேவபயமே இல்லை என்று எனக்குக் கேட்கவே சொன்னாள். அந்தத் தொண்டைக்குள்ளால் நற்கருணை எப்படி இறங்கியதோ. அப்பா எழும்பி வெளியே போய்விட்டார். பின்வாங்கில் நேசம் இருந்தாள், பொறுக்கமுடியாமல் நான்தான் காரணம் என்று சொல்ல எழும்பியிருக்கிறாள், கொறற்றி முன்னமே சொல்லி வைத்தபடி இமெல்டா அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டாள். சிரிப்பை அடக்கத் தெரியாத இமெல்டாவுக்கு அன்றைக்கு அழுகையை அடக்கத் தெரிந்திருக்கிறது. எல்லாம் முடிந்ததும் உன் கூட்டாளி கொறற்றியின் தலையில் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கெட்டுப்போன மகன் திரும்பிவந்த கதையைப் பாட்டாகப் பாடினார். சனம் கைதட்டியது.

இதைத்தான் நீ திரும்பிவந்த பிள்ளையின் கதை என்று வாசிக்கப்போகிறாய். அவள் எங்கே போனாள் திரும்பிவர? எனக்குப் பயிற்சியும் இல்லை சான்றிதழும் இல்லை, இளசுகளை விசுவாசத்தில் வளர்ப்பது எப்படி என்று நீங்கள் இரண்டு பேரும் பக்கம் பக்கமாக ஈமெயிலில் எழுதிக்கொள்கிறீர்களாம், எழுதுங்கள். ஆனால் தன்னை நம்பி வந்தவளுக்காகத் தனக்குப் பிரியமான மாதாவையே போட்டு உடைத்துவிட்டு, அதற்கும் மேலே தன்னுடைய நல்ல பெயரையும் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தவளுக்கு விசுவாசம் சொல்லித்தரக் கிளெமென்றுக்கும் தகுதியில்லை, உனக்கும் இல்லை. கோபப்படாதே, எனக்கும் இல்லை. அவள் இப்போதும் வியாழக்கிழமைகளில் லொட்ஜுக்குப் போகிறாள், ஒன்றியத்திலிருந்து இமெல்டாவும் இன்னும் சிலரும் அவளோடு போகிறார்கள், சுரூபமும் இல்லை, பாட்டும் இல்லை, இருந்து செபம் சொல்லிவிட்டு வருகிறார்கள். தெருவில் பிறிஜெற் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். இவள் குட் ஈவினிங் ஆன்ட்டி என்கிறாள். எனக்குத்தான் அந்தப் பெருந்தன்மை வரமாட்டேன் என்கிறது.

போன கிழமை ஒழுங்கை முனையில் இருக்கிற கொமியூனிக்கேசன் கடைக்குப் போன் கோல் வந்தது என்று ஆள் வந்து கூப்பிட, கொறற்றி செருப்பும் போடாமல் மழைக்குள் ஓடினாள். நேசம் ஒஸ்லோவிலிருந்து. ரிப்போட் புதுப்பித்து, விசாவும் கிடைத்து, எங்களுக்கே சொல்லாமல் போயிருந்தாள். திரும்பி வந்தவள் நனைந்த உடுப்போடு சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள், கன காலத்துக்குப் பிறகு அவளுடைய முகத்தில் அந்தப் பழைய சிரிப்பைக் கண்டேன். அப்போதுதான் உன்னுடைய கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். நீ அவளைத் தூக்கி எறிந்து பேசியிருக்கிறாய், அவள் உன்னை ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குச் சாட்சியம் எல்லாம் எழுதத் தெரியாதம்மா, அண்ணாவோட சண்டை பிடிக்காதேங்கோ, நேசமக்கா போய்ச் சேந்திட்டா எண்டு மட்டும் எழுதிவிடுங்கோ என்றாள். எழுதிவிட்டேன். முகாமில் வாசிப்பதென்றால் அந்த ஒரு வரியை வாசி.

சின்னவனுக்கு நெஞ்சுச்சளி என்று மருமகள் போனில் சொன்னாள், வெந்நீரில் குளிக்கவார்த்து விக்ஸ் பூசிவிடுங்கள், பனிக்குள் தொப்பி இல்லாமல் விடாதேயுங்கள். அப்பா உனக்கு ஒன்றும் எழுத மறுத்துவிட்டார், ஆனால் கோபத்தில் இருக்கிறார் என்று மட்டும் எழுதச் சொன்னார். இயேசு மரி சூசை உன்னையும் உன் வீட்டாரையும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும், நான் உன்னைத் திட்டினாலும் இராச்செபத்தில் உன் பெயரைச் சொல்லாமல் படுப்பதில்லை. ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுதவேண்டாம், கொறற்றிக்கு எழுது. புத்திமதி ஒன்றும் வேண்டாம், மன்னிப்பு மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
பிலோமினா ஹியூபேட்